ஆடாத படம்

மறுபடியும் புழு.

தொலைநோக்கியில் மாட்டிய கேமராவின் திரையில் ஒரு நட்சத்திரம்கூடப் புள்ளியாக விழவில்லை. எல்லாம் வெள்ளைப் புழுக்களாக நெளிந்தன. நடுவில் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம், கண்ணாடியில் ஊதிய மூச்சுபோல ஒரு மங்கல்.

அவள் அழித்தாள். மீண்டும் பொத்தானை அழுத்தினாள்.

அரை நிமிடம். அதுவரை மொட்டை மாடி அசையக் கூடாது.

சரக். சரக்.

அசைந்தது.

தொலைநோக்கி வந்த அன்றே மேகமும் வந்தது. மார்கழி முழுக்கப் போகவில்லை. தை பிறந்து வானம் தெளிந்தபோது பக்கத்துத் தெருவில் கோயில் விழா, மரத்துக்கு மரம் சீரியல் பல்பு. இன்றைக்குத்தான் எல்லாம் கூடி வந்தது. நிலா இல்லை. மாடி விளக்கை அணைக்கச் சொல்லிக் குடியிருப்புச் செயலாளரிடம் கெஞ்சியாயிற்று. நிலாவே இல்லாத வானத்தில் எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் மேடம் என்று அவர் சிரித்ததையும் பொறுத்தாயிற்று.

மிச்சம் இருந்தது கணவர்.

அவருக்கு பைபாஸ் முடிந்து இரண்டு மாதம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருவில் நாய்த் தொல்லை. ஆகவே மாடி. தரையில் சாக்பீஸால் பெரிய எட்டு வரைந்து, இதன்மேல் நடங்கள் என்று கொடுத்தவள் அவள்தான். தினமும் அவரை சோபாவிலிருந்து எழுப்புவதற்குள் ஒரு சண்டை.

இன்று மட்டும் அவள் சொல்லாமலே வந்துவிட்டார். அந்த ரப்பர் செருப்போடு.

எட்டின் ஒரு சுற்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்த் திரும்பும். எங்கே இருந்தாலும் அவர் வைக்கிற ஒவ்வோர் அடியும் தரை வழியாக வந்து தொலைநோக்கியின் காலில் ஏறியது.

"கொஞ்ச நேரம் நில்லுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தொட்டிப் பக்கமிருந்து பதில் வந்தது.

"நட நடன்னு உயிரை வாங்கினது யாரு? இப்ப நில்லுன்னா எப்படி?"

குரலில் மூச்சு வாங்கியது. சிரிப்பும் இருந்தது. அந்தச் சிரிப்புதான் அவளுக்கு எரிச்சல்.

அழித்தாள். அழுத்தினாள். புழு.

அழித்தாள். அழுத்தினாள்.

இந்த முறை சத்தம் இல்லை.

ஒருவழியாக, என்று நினைத்தாள். தன் மூச்சையும் அடக்கிக்கொண்டாள்.

ஷட்டர் மூடியது.

திரையில் நட்சத்திரங்கள் ஊசி முனைகளாக நின்றன. நடுவே இளஞ்சிவப்பு விரிந்து கிடந்தது. ஓரங்களில் நீலம். வெறும் கண்ணுக்கு எட்டாத நிறம் அத்தனையும்.

கை தானாக அடுத்த படத்துக்கு அழுத்திவிட்டது.

"என்னங்க, வந்து பாருங்க."

தொட்டிக்குப் பின்னால் செருப்புச் சத்தம் எழவில்லை. கேலியும் வரவில்லை.

"என்னங்க."

ஷட்டர் திறந்தே இருந்தது.

அரை நிமிடம் முடிந்ததும் திரை ஒளிர்ந்தது. அவள் தொட்டியை நோக்கி ஓடிய ஓட்டத்தில் எல்லா நட்சத்திரங்களும் ஆடிப்போயிருந்தன.

அதைப் பார்க்கத் தொலைநோக்கி அருகே யாரும் இல்லை.