ஆள் தேவைப்படாத சேவை

சான் ரமோன் அலுவலகத்தின் கண்ணாடி அறையில் காலை வெயில் மேசையின் பாதிவரை வந்து கிடக்கிறது. சுவர்த்திரையில், சர்வர்களை வாடகைக்குத் தந்து பராமரிக்கும் இரண்டு கிளவுட் சேவைகளின் ஒப்பீடு. கம்பெனியின் செயலிகளை இனி எதில் ஓட்டுவது என்று சண்முகப்ரியா பதினொரு மணிக்கு மேலதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். ஒப்பீட்டைத் தயாரித்த நஞ்சுண்டன் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். ஒன்பது வருடமாக இங்குள்ள சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர். எந்தச் சேவைக்குப் போனாலும் கடைசியில் அந்த வேலையைச் சேவைக்காரர்களே செய்துவிடுவார்கள். வேலை போனால் அவருடைய விசாவுக்கு அறுபது நாள்தான்; அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இருவருக்கும் அது தெரியும்.

“ரெண்டாவதையே எடுத்துக்கங்க ப்ரியா. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேனுங்க. ஒரே நேரத்துல எத்தன பேர் வந்தாலும் அதுவே சமாளிச்சுக்கும், பாத்துக்க ஆளே வேண்டாம்” என்கிறார் நஞ்சுண்டன்.

“மொதல் சேவைன்னா கொஞ்ச நாளைக்காச்சும் நீங்க வேணுமில்லீங்ணா?”

அவர் காகிதக் கோப்பையின் விளிம்பை நகத்தால் சுரண்டுகிறார். வெளியே புல் வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல் நெருங்கி வந்து, மெல்ல விலகுகிறது.

“ஆறு மாசத்துக்கு வேணும். ஆனா அது அடிக்கடி நின்னு போயிருதுங்க. ரிப்போர்ட்ல நானேதான எழுதியிருக்கேன்.”

பதினொரு மணிக்குத் திரையில் டெக்சஸிலிருந்து மேலதிகாரியின் முகம் வருகிறது. எது என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். ப்ரியா பேசத் தொடங்குகிறாள்; கேட்கவில்லை என்று மேலதிகாரி காதைத் தொட்டுக் காட்டுகிறார். “மியூட்ல இருக்கீங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நஞ்சுண்டனே கையை நீட்டி அவளுக்காக மைக்கைத் திறந்துவிடுகிறார்.