ஒரு நாளைக்கு ஒரு கமா

"ஒரே ஒரு கமா போடவா நைனா, காலடிப்பேட்டைலேர்ந்து தெனம் பஸ் புடிச்சு வர்ற?" என்று சிரித்தாள் ஃபாத்திமா. ராயபுரத்தில் பிரவுசிங் சென்டர் நடத்துபவள்.

அருள்நாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற விக்கிப்பீடியாவில், பாண்டியர் வாரிசுப் போர் பற்றிய கட்டுரையை மூன்று மாதமாகத் திருத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பாண்டியனும் மூச்சு வுடாம சண்ட போட்டுகினு கீறாங்கம்மா. நடுவுல கமா வோணாவா?"

"வோணும். மொத்தத்தையும் ஒரே நாள்ல போட்டுட்டுப் போயேன்."

"போட்டா நாளைக்கு நன்றி வராதேம்மா."

கட்டுரையை எழுதியவர் 'கடல்காக்கா' என்ற பெயரில் இருந்தார். கமா விழுந்த ஐந்தாவது நிமிடம் 'நன்றி ஐயா' என்று ஒரு வரி அனுப்புவார். அதைப் படித்தால்தான் அருள்நாதனுக்கு டீ இறங்கும்.

"மூஞ்சி தெரியாத ஆளு. அதுக்கு இன்னா இவ்ளோ பேஜாரு?"

அவர் திரைக்குத் திரும்பினார். கட்டுரையில் ஒரே ஒரு முற்றுப்புள்ளிதான் பாக்கி. அதை வைத்துவிட்டால் நாளைக்குத் திருத்த ஒன்றுமில்லை, நன்றியும் இல்லை. ஆனால் தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா எழுந்து போகவும் அவருக்குத் தெரியாது. வைத்தார்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடமும் ஆயிற்று. நன்றி வரவில்லை.

"அவ்ளோதாம்மா. நாளைலேர்ந்து வர மாட்டேன்." எழுந்தார்.

"நைனா, குந்து! எவனோ கலீஜ் பண்ணி வச்சிகீறான் பாரு!"

கட்டுரையில் ஒரு கமா இல்லை, ஒரு புள்ளி இல்லை. மூன்று மாத உழைப்பும் போயிருந்தது. அத்தனையையும் நீக்கியது வேறு யாருமில்லை, கடல்காக்காதான். நன்றி வரவேண்டிய இடத்தில், பெயருக்குக்கூட ஒரு குறி இல்லாமல் எழுதியிருந்தது:

"கடல்காக்கான்னு நீ எனக்கு வச்ச பேரப் பாத்துத்தானே வந்த அப்பா எனக்குத் தெரியாதா நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு எழுதி வச்சுட்டுப் போன லெட்டரையே செவப்பு இங்க்ல திருத்தி அனுப்புன ஆளாச்சே நீ நாளைக்கு வியாசர்பாடி பஸ் புடி கமாவெல்லாம் என் வூட்டுல குந்திப் போடு"