டோக்கன் 417

1988-இல் பாண்டிச்சேரி மில் ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் ஆதிலட்சுமி ஒரு புரோகிராம் எழுதி முடித்தாள். மில்லில் வேலை பார்ப்பவரின் டோக்கன் எண்ணைத் தட்டினால், பைப் என்ற வழியாக அது இன்னொரு புரோகிராமிடம் கேட்கும். ஆள் அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தால் 1 வரும், இல்லாவிட்டால் 0. மறுமுனையை ஏதாவது ஒன்று திறக்கும்வரை இந்த முனை சும்மா காத்துக் கிடக்கும்.

மறுமுனைக்கான புரோகிராம் இன்னும் எழுதப்படவே இல்லை. ஒழுங்காகக் காத்திருக்கிறதா என்று பார்க்க, அப்பாவின் எண்ணைத் தட்டினாள்: 417. ஆறு வருஷத்துக்கு முன் மில் பாய்லர் வெடித்துச் செத்தவர். அன்றைக்கு அவர் வேலைக்கே வரவில்லை என்று எழுதி, நஷ்ட ஈடு தராமல் கையை விரித்திருந்தது மில்.

உடனே 1 வந்தது.

பின்னால் நின்ற மேனேஜர் ஜானகிராமனும் பார்த்துவிட்டார். "அத அழிச்சிடும்மா."

"கேட்டதுதான் சார் நானு. பதில் சொன்னது நான் இல்ல. அந்தப் பக்கம் போயி நீங்களே அழிச்சிக்குங்க."

"மெஷின் கோளாறு. இப்பப் பாரு," என்று குனிந்து தம் எண்ணைத் தட்டினார். 0 வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் 0.

ஆதிலட்சுமி நாற்காலியை விட்டு எழவில்லை.

"நீங்க இன்னிக்கு வேலைக்கே வரல சார்," என்றாள்.