ஆள் இருக்கு

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் தேர்தலில் செண்பகவடிவு நிற்கிறாள் என்றதும், இரண்டு தடவை தலைவராக இருந்த தவசிமுத்து சிரித்தார். மறுநாளே அவள் தன் வீட்டு வாசல் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்கக் கிளம்பிவிட்டாள். திருட வந்தவன், உடைக்க ஒன்றுமில்லையே என்று கூச்சப்பட்டுத் திரும்பிப் போனதாக ஊரே சத்தியம் செய்தது. எட்டு நாள் சுமந்ததில் அவள் கழுத்து ஒரு விரற்கடை குறைந்து, நடையில் மிடுக்கு இரண்டு விரற்கடை கூடியிருந்ததைத் தவசிமுத்துவே கண்ணால் பார்த்தார். அவர் வாசலுக்கும் வந்து, கதவை நிமிர்த்தி வைத்து, அதன் பின்னால் நின்றுகொண்டாள்.

"தட்டுங்கண்ணே."

தட்டினார்.

"ஆள் இருக்கு!"

"என்ன தாயி விளையாட்டு?"

"பொம்பளப் பிள்ளைக கக்கூஸுல கதவு போயி மூணு வருசமாச்சுண்ணே. ஒருத்தி உள்ள போனா நாலு பேரு துப்பட்டாவ விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்காளுக. உங்க மக காலையில தண்ணி குடிக்காளான்னு கேளுங்க."

கேட்டார். "பள்ளிக்கூட நாள்ல குடிக்க மாட்டேம்ப்பா" என்றாள் மகள், சாதாரணமாக.

தேர்தலன்று செண்பகவடிவு தலையில் கதவு இல்லை. கையை வீசி நடந்து வந்தாள். தவசிமுத்து ஓட்டுச்சீட்டில் தன் பெயரின் முதலெழுத்தை எழுதியிருந்தார். அப்போது பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பேனா நின்றது.

"ஆள் இருக்கு!"

மகளின் குரல். இவ்வளவு அதிகாரமாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லை.