திரைக்குப் பின்னால் ஏழாம் எண்

ஜூலை மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, கல்லூரி நூலகத்தின் மாடியறையில் மாணவர் இசைக்குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். ஆசிரியர்கள் யாருமில்லை, தேர்வாளர் ஐந்து பேரும் மாணவர்களே. வாசிப்பவர் திரைக்குப் பின்னால் செருப்பில்லாமல் நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. வாசிப்பது யாரென்று அடையாளம் கண்டுகொண்ட தேர்வாளர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். ஓட்டு சமமானால் இடமில்லை.

ஏழாம் எண்ணில் வந்தவள் முதலாண்டு மாணவி. இதுவரை தனியாகவே வாசித்துப் பழகியவள். ஒரு தடவையாவது நாலு பேரோடு சேர்ந்து வாசித்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஏக்கம். வயலினைத் தோளில் வைத்து ஆரம்பித்தாள்.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நான் வெளிய போறேன்" என்றது குழுத் தலைவியின் குரல். கதவு சாத்தப்பட்டது. வில் ஒரு கணம் தடுமாறியது. எப்படியோ வாசித்து முடித்தாள்.

வராந்தாவில் தலைவி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் உங்க குழுவுல சேர்றது உனக்குப் பிடிக்கலையா?"

"லூசு மாதிரி பேசாதே. முதல் இழுப்புலயே நீதான்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கலாம்ல?"

"அந்த விதியை எழுதினதே நான்தான். சின்ன வயசுல என்னைத் தினமும் தூங்க வச்ச வயலினை எப்படித் தெரியாதுன்னு சொல்றது, அம்மா?"

கதவு திறந்தது. செயலாளன் தலையை நீட்டினான்.

"ஏழாம் எண், ரெண்டுக்கு ரெண்டு."

மகள் வயலின் பெட்டியை வாங்கிக்கொண்டாள். ஏழாம் எண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை.