கம்பெனி தாண்டியாச்சு

"கம்பெனி தாண்டிட்டேன். மீனைப் போடு."

ஹனீபாவின் போன் வந்ததும் ஜசீலா அடுப்பைப் பற்றவைத்தாள். மத்தி பொரிந்தது. ஆறியது. மொரமொரப்பு போய் ரப்பர் மாதிரி ஆனது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வாசலில் பைக் வந்து நின்றது.

"ஏழு நிமிஷ வழிக்கு முக்கால் மணி நேரமா?"

"வழியில ஒருத்தன் பிடிச்சுக்கிட்டான்."

இந்த வாரத்தில் இது நாலாவது ஒருத்தன்.

கோழிக்கோட்டிலிருந்து வருகிறவர்களுக்கு, ஆற்று வளைவில் அந்தக் கூரை ஓட்டுக் கம்பெனியின் புகைபோக்கி கண்ணில் பட்டால் வீடு வந்த மாதிரி. கம்பெனியை மூடிப் பல வருஷமாகிறது. புகைபோக்கி மட்டும் நிற்கிறது.

மாமனார் பீரான் அதே சாலையில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். அவர் பஸ் கம்பெனியைத் தாண்டும்வரை அவர் மனைவி பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாராம். மனைவி போன பிறகு அந்தப் பழக்கம் இவருக்கு வந்துவிட்டது. மத்தியானம் ஒன்றேகாலுக்குச் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்வார். மகன் கம்பெனி தாண்டிய சேதி வந்தால்தான் சோற்றில் கை வைப்பார். சேதி வந்துவிட்டாலோ, மகன் வந்து சேரும்வரை பொறுக்க மாட்டார். உடனே பிசைய ஆரம்பித்துவிடுவார்.

அப்பாவும் மகனும் சேர்ந்து தன் உயிரை வாங்குவதாக ஜசீலாவுக்கு எரிச்சல்.

நேற்றுவரை வெறும் எரிச்சல்தான். இன்று காலை அது சந்தேகமாகிவிட்டது. கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒரு முடிவெட்டும் கடை, ஒரு ரேஷன் கடை. அப்புறம் சபீராவின் வீடு. ஹனீபாவின் மாமன் மகள். ஒரு காலத்தில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்.

"உப்பா, தையல்கடை வரைக்கும் போறேன். சோறு மூடி வச்சிருக்கேன். அவங்க போன் பண்ணினா உங்களைக் கூப்பிட்டுச் சொல்றேன்" என்றாள் மாமனாரிடம்.

"ம்."

அவள் பஸ் ஏறி நேராகக் கோழிக்கோட்டில் ஹனீபா வேலை செய்யும் துணிக்கடைக்குப் போனாள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறான், எங்கே போகிறான் என்று இன்றைக்குத் தெரிந்துவிட வேண்டும். தொங்குகிற சுடிதார்களுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சரியாக ஒன்றரைக்கு அவள் போன் அடித்தது.

"கம்பெனி தாண்டிட்டேன். மீனைப் போடு."

சொன்னவன் பத்தடி தள்ளி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, நைட்டி மடித்துக்கொண்டிருந்தான்.

"எந்தக் கம்பெனி?" என்றாள் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து.

ஹனீபா மடித்த நைட்டியை மறுபடி விரித்தான். "நீ எங்க இங்க?"

"மீன் பொரிக்க வந்தேன். சட்டியைக் கொடுங்க."

"மெதுவாப் பேசு. முதலாளி பாக்கறார்."

"பாக்கட்டும். கடைக்குள்ளயே ஆறு ஓடுதான்னு அவரும் தெரிஞ்சுக்கட்டும்."

"முதல்ல உப்பாவுக்குப் போன் போடு. ஊசி போட்டுட்டு உக்காந்திருப்பார்."

"போட்டு என்ன சொல்லணும்?"

"கம்பெனி தாண்டிட்டேன்னு."

ஜசீலா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இப்ப சீக்கிரம் விடமாட்டேங்கறாங்க ஜசீலா. நான் இங்கேருந்து கிளம்பவே ஒண்ணேமுக்கால் ஆகுது. ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிடணும், இல்லேன்னா மயக்கம் வந்துடும்னு டாக்டர் சொன்னாரே. அந்தப் பிடிவாதக்காரரை என்ன பண்ணச் சொல்றே?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்குப் பொய் வராது. அவர் மூஞ்சியைப் பாத்ததும் உளறிடுவே."

அது உண்மை என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. போனை எடுத்தாள்.

"உப்பா, அவங்க கம்பெனி தாண்டிட்டாங்களாம்."

"சரி." தட்டு நகரும் சத்தம் கேட்டது.

பதினைந்து நிமிஷம் இரு, பைக்கில் போகலாம் என்றான் ஹனீபா. ஒன்றும் வேண்டாம் என்று பஸ் ஏறினாள். இப்போது கோபம் முழுவதும் மாமனார் மேல் திரும்பியிருந்தது. புகைபோக்கி வந்தது, போனது. சபீரா வீட்டு வாசலில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஜசீலாவால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

வீட்டில் பீரான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லக்கூடாது என்றுதான் படியேறினாள்.

"உப்பா, உங்க பிடிவாதத்தால ஒரு மனுஷன் தினமும் பொய் சொல்றாரு. கடையில நின்னுக்கிட்டே கம்பெனி தாண்டிட்டேங்கறாரு."

"தெரியும்."

"தெரியுமா?"

"முப்பத்தொரு வருஷம் ஓட்டின ரோடு. கம்பெனியிலேருந்து எருமை நடந்து வந்தாக்கூட அரை மணிதான் ஆகும்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் தெரியாத மாதிரி சாப்பிடறீங்க?"

"போன மழையில முட்டியைப் பேத்துக்கிட்டு வந்தானே."

"நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்னாங்க."

"நாயுமில்ல, நரியுமில்ல. நான் சாப்பிடாம உக்காந்திருக்கேன்னு வண்டியை விரட்டிக்கிட்டு வந்தான்."

பீரான் துண்டில் கையைத் துடைத்தார்.

"எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாதே. பொய்யை அங்கேருந்தே சொல்லிட்டு, நிதானமா வரட்டும்."