ஒப்பிட ஒரு குடும்பம்

அரசுத் திட்டங்களின் பலனைக் கணக்குப் போட்டு அளக்கும் படிப்பு படிக்கிற மகள், பேயறைந்தவள் போல வீடு திரும்பினாள்.

"என்னடி ஆச்சு?"

"வீட்டு மானியம் வாங்கின நம்மோட ஒப்பிட, வாங்காத ஒரு குடும்பத்தைத் தேடினேம்மா. மத்ததெல்லாம் நம்மள மாதிரியே இருக்கணும்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா சிரித்தாள். "நம்மள மாதிரி இன்னொண்ணா? ஊர் தாங்காதுடி. கிடைச்சுதா?"

"அச்சு அசலா. அப்பா லாரி டிரைவர், பாதி நாள் வீட்டுல இருக்கமாட்டாராம். ஒரே பொண்ணு."

"பாவம், அந்தம்மாவும் என் கேஸ்தான்."

"சுவர்ல கல்யாண போட்டோ இருந்துச்சு. மாப்பிள்ளை நம்ம அப்பாதாம்மா."

கத்தி நழுவியது. "எவடி அவ? எனக்குச் சக்களத்தியா வர அவளுக்கு என்ன துணிச்சல்..."

"சக்களத்தி அவங்க இல்லம்மா." மகள் குனிந்து கத்தியை எடுத்து வைத்தாள். "போட்டோல தேதி போட்டிருக்கு. உன் கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முந்தி."